தகட்டின் குணமும் கணினியின் கணக்கும்

குருகிராம், மானேசர், பரீதாபாத் என்று தில்லியைச் சுற்றியுள்ள தொழில் வட்டாரத்தில் கார் உறுப்புகளுக்குத் தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் அச்சான டை செய்கிறவர்கள், எஃகுக் கட்டியில் கட்டர் படுவதற்கு முன்பே கணினிக்குள் தகட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுகிறார்கள். எந்த மூலையில் தகடு கிழியும், எங்கே சுருங்கி மடியும், எந்த இடத்தில் கனம் அளவுக்கு மீறிக் குறையும், பிரஸ் மேலேறிய பிறகு உறுப்பு எவ்வளவு பின்வாங்கி நிமிரும் என்பதையெல்லாம் ஆட்டோஃபார்ம், பேம்-ஸ்டாம்ப், எல்எஸ்-டைனா போன்ற மென்பொருள்கள் வண்ண வண்ணமாகக் காட்டுகின்றன. இதற்கான கணிதம் நன்றாக முதிர்ந்துவிட்டது. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் ஒரே உறுப்பைத் தனித்தனியாகக் கணித்து, விடைகளை உண்மையான அழுத்தலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நூமிஷீட் மாநாடுகள் 1991 முதல் நடந்துவருகின்றன. இருந்தும், திரையில் பச்சையாக இருந்த மூலை பிரஸ்ஸில் கிழிகிறது. அப்போது பழி மென்பொருளின் மேல் விழும். என் கணிப்பில் பெரும்பாலான நேரங்களில் அது தவறான இடத்தில் விழும் பழி. மென்பொருளுக்கு அந்தத் தகடு எப்படிப்பட்டது என்று யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தகட்டின் குணத்தைக் கணினிக்குச் சொல்லும் கோப்பை மெட்டீரியல் கார்டு என்கிறார்கள். அதில் இருக்க வேண்டியவை பல. நடைமுறையில் பெரும்பாலும் அது ஆலைச் சான்றிதழின் மூன்று எண்களிலிருந்து பிறக்கிறது: யீல்டு (தகடு திரும்பி வராதபடி நீளத் தொடங்கும் தகைவு), உச்ச இழுவலிமை, நீட்சி விழுக்காடு. கார் உறுப்புகளுக்கான குளிர் உருட்டுத் தகடுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த விதி ஐஎஸ் 513. அந்த விதி மிக ஆழமான அழுத்தலுக்குரிய தகட்டைச் சிஆர்4 என்று அழைத்தாலும், சந்தையில் அது இன்றும் இடிடி (எக்ஸ்ட்ரா டீப் டிராயிங்) ஷீட்தான். 2012 முதல் மத்திய அரசின் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் படிப்படியாகப் பல எஃகு வகைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியதால், சான்றிதழ் இல்லாத தகட்டுச் சுருள், அதாவது காயில், பெரிய தொழிற்சாலைகளின் வாசலைத் தாண்டுவது அரிது. இது நல்லதுதான். ஆனால் அந்தச் சான்றிதழ் எழுதப்பட்டது ‘இந்தக் காயிலை வாங்கலாமா, திருப்பி அனுப்பலாமா’ என்று முடிவெடுப்பதற்காக. யீல்டு 210 மெகாபாஸ்கலுக்கு மேல் போகவில்லை, நீட்சி குறைந்தபட்சத்தைத் தாண்டியிருக்கிறது என்றால் அதன் வேலை முடிந்தது. கணினிக்குத் தேவை எல்லைக்குள் இருக்கிறதா என்ற பதில் அல்ல, முழு வளைகோடு.

அந்த வளைகோடு பிறப்பது இழுவிசைச் சோதனையில். தகட்டிலிருந்து நடுவில் ஒடுங்கிய ஒரு துண்டை வெட்டுகிறார்கள். வழக்கமான அளவொன்றில் ஒடுங்கிய பகுதியின் அகலம் 20 மி.மீ., நீட்சியை அளக்கும் நீளம் 80 மி.மீ. யூடிஎம் எனப்படும் இயந்திரத்தின் இரண்டு பிடிகளில் மாட்டி மெதுவாக இழுக்கிறார்கள். தகடு முதலில் மீள்தன்மையோடு நீள்கிறது. பிறகு திரும்பி வராதபடி நீள்கிறது. நீள நீள இறுகுகிறது. ஒரு கட்டத்தில் துண்டு எங்கோ ஓரிடத்தில் சிறுத்துக் கழுத்து விழுகிறது. இறுகும் வேகம் துண்டு மெலியும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும் அந்தக் கணத்தை 1885இல் பிரெஞ்சுப் பொறியாளர் கான்சிடேர் கணக்கில் பிடித்தார். கழுத்து விழுந்த பிறகு நீட்சிமானி காட்டும் எண் துண்டு முழுவதற்கும் பொருந்தாது. அதாவது, சீரான இழுப்பு அங்கே முடிந்துவிடுகிறது.

நல்ல இடிடி தகட்டில் அந்தச் சீரான இழுப்பு மெய்த்திரிபு சுமார் 0.22இல் முடியும். ஆனால் ஆழமான எண்ணெய்த்தொட்டி ஒன்றின் மூலையில் தகடு 0.5, 0.6 வரை திரிபடைகிறது. கணினிக்கு அந்த இடத்திலும் ஒரு தகைவு மதிப்பு வேண்டும். அளக்கப்படாத அந்தப் பகுதியை யாரோ ஒரு சூத்திரத்தால் நீட்டிவிடுகிறார்கள். எந்தச் சூத்திரம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தகைவு = 520 × திரிபின் 0.22 அடுக்கு என்ற ஹாலமன் வடிவத்தை எடுத்துக்கொண்டால் இழுவலிமை சுமார் 300 மெகாபாஸ்கல் வரும். இடிடி தகட்டுக்குப் பொருத்தமான எண். கழுத்து விழும் புள்ளியில் மெய்த்தகைவு 373. இப்போது அதே புள்ளியில் அதே மதிப்பும் அதே சரிவும் உள்ள, 180இல் தொடங்கும் இன்னொரு வளைகோட்டை வோஸ் வடிவத்தில் வரைவோம். ஏறிக்கொண்டே போகாமல் ஓர் உச்சத்தை நெருங்கிச் சமனாகும் வடிவம் அது. கழுத்துப் புள்ளியில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. திரிபு 0.6ஐ அடையும்போது முதலாவது 465 என்கிறது, இரண்டாவது 423 என்கிறது. கிட்டத்தட்ட பத்து விழுக்காடு வித்தியாசம். எண்களைவிட வடிவம் முக்கியம்: முதலாவது தகடு இன்னும் இறுகிக்கொண்டே திரிபைப் பக்கத்துக்குப் பகிர்ந்தளிக்கிறது, இரண்டாவது தகடு ஏறக்குறைய இறுகுவதை நிறுத்திவிட்டது, ஆகவே மெலிந்த இடமே மேலும் மெலிகிறது. ஒரே சான்றிதழிலிருந்து இரண்டு பொறியாளர்கள் இரண்டு சூத்திரங்களைத் தேர்ந்தால் ஒருவர் திரையில் மூலை பச்சை, மற்றவர் திரையில் சிவப்பு. இருவருமே விதிப்படிதான் செய்திருப்பார்கள்.

எது சரி என்று இழுவிசைச் சோதனை மட்டும் சொல்லாது. தகட்டை வட்டமாக இறுக்கிப் பிடித்து, அடியிலிருந்து எண்ணெய் அழுத்தத்தால் உப்ப வைக்கும் பல்ஜ் சோதனை இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒருசேர இழுபடுவதால் அங்கே கழுத்து வெகு தாமதமாகத்தான் விழும். இழுவிசைச் சோதனை நிற்கும் இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் அளக்கலாம். தகட்டின் மேல் புள்ளிப்புள்ளியாகப் பெயிண்ட் தெளித்து, இரண்டு கேமராக்களால் அந்தப் புள்ளிகளைத் தொடர்ந்து படமெடுத்து ஒவ்வொரு இடத்தின் திரிபையும் கணக்கிடும் முறையும் வந்துவிட்டது. ஐஐடி தில்லியில் பேராசிரியர் டி. ரவிகுமார் இடிடி எஃகின் உருவாகும் திறனைப் பற்றியும், வெவ்வேறு கனமுள்ள தகடுகளைப் பற்றவைத்து ஒன்றாக அழுத்துவதைப் பற்றியும் 2000களிலிருந்தே ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார். ஐஐடி இருக்கும் ஹவுஸ் காசில் நடக்கும் இத்தகைய ஆய்வுக்கும், மானேசரில் டை வெட்டுகிறவர் கையிலிருக்கும் மூன்று எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் சாலைக் கணக்கில் சில பத்துக் கிலோமீட்டர்தான்.

அடுத்தது திசை. ஆலையில் உருளைகளுக்கிடையே ஓடிவந்த தகடு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேட்டித் துணியைப் பாவு நூல் வழியாக இழுப்பதும், ஊடை வழியாக இழுப்பதும், மூலைவாட்டில் இழுப்பதும் மூன்று விதமாக இருப்பதுபோல், தகட்டையும் உருட்டிய திசையில், அதற்குக் குறுக்கே, 45 பாகையில் என்று மூன்று விதமாக வெட்டி இழுக்க வேண்டும். ரோட்னி ஹில் 1948இல் திசைக்குத் திசை மாறும் உலோகத்துக்கான யீல்டு விதியை எழுதினார். 1950இல் லாங்க்ஃபோர்டும் உடன் பணியாற்றியவர்களும், இழுக்கும்போது தகடு அகலத்தில் எவ்வளவு சுருங்குகிறது, கனத்தில் எவ்வளவு சுருங்குகிறது என்ற விகிதத்தை அழுத்தலின் வெற்றியோடு இணைத்துக் காட்டினார்கள். அதுதான் ஆர் மதிப்பு. ஆர் 1.8 என்றால் தகடு மெலிவதைத் தவிர்த்து அகலத்தில் சுருங்கிக் கொடுக்கிறது என்று பொருள். ஆழமான டம்ளரோ எண்ணெய்த்தொட்டியோ கிழியாமல் வர அந்தக் குணம் வேண்டும்.

ஆர் மதிப்பை அளப்பது பார்க்க எளிது. 20 மி.மீ. அகலத் துண்டை 15 விழுக்காடு நீட்டி, புதிய அகலத்தை அளந்தால் போதும். துண்டின் மொத்தப் பருமன் மாறாது என்பதால் கனத்தின் சுருக்கம் தானாகக் கிடைத்துவிடும். உண்மையான ஆர் 1.8 ஆக உள்ள தகட்டில் புதிய அகலம் 18.28 மி.மீ. இருக்கும். அளப்பவர் அதை 18.33 என்று படித்தால் ஆர் 1.66 ஆகிவிடும். ஒரு தலைமுடியின் தடிப்பை ஒத்த 0.05 மி.மீ. பிசகு, நல்ல தகட்டை நடுத்தரத் தகடாக்கிவிடுகிறது. வெர்னியர் காலிப்பரை அழுத்திப் பிடிக்கும் கைவாகிலேயே இந்த வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் இந்த ஓர் எண்ணுக்கு, அகலத்தைத் தனியாகத் தொடர்ந்து அளக்கும் நீட்சிமானியோ கேமராவோ இல்லாத ஆய்வகத்தின் அறிக்கையை நான் பெரிதாக நம்புவதில்லை.

இதற்கு நேர்மாறாக, விசையை அளப்பதில் நம் நாடு எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறது என்பதைத் தில்லியிலேயே பார்க்கலாம். பூசா வட்டாரத்தில் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலையில் இருக்கிறது தேசிய இயற்பியல் ஆய்வகம். 1947 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்ட, 1950 ஜனவரியில் வல்லபாய் படேல் திறந்துவைத்த நிறுவனம். சாலைக்குப் பெயர் தந்தவர் அதன் முதல் இயக்குநர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், சி. வி. இராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர். நாட்டின் கிலோகிராமாகப் பல்லாண்டுகள் நின்ற 57ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளை இந்த ஆய்வகத்தின் பொறுப்பில் உள்ளது. விசைக்கான தரமும் இங்கேதான். துல்லியமாக நிறுத்த எடைக்கட்டிகளைத் தொங்கவிட்டு, அந்த இடத்தின் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி நியூட்டனைப் பெறுகிறார்கள். பாடப்புத்தகத்தில் 9.81 என்று எழுதும் எண் தில்லியில் சுமார் 9.79தான், சென்னையில் சுமார் 9.78. அந்தச் சிறு வேறுபாட்டையும் விடாமல் கணக்கில் எடுத்து, அங்கிருந்து படிப்படியாக இறங்கிவரும் அளவுத்திருத்தச் சங்கிலியின் கடைசியில் ஒரு தொழிற்சாலை யூடிஎம்மின் லோடு செல் நிற்கிறது. அந்த இயந்திரம் விசையில் ஒரு விழுக்காட்டுக்குமேல் பிசகக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. நல்ல இயந்திரங்கள் அதில் பாதிக்குள் நிற்கும்.

இழுவிசைச் சோதனையில் மிகச் செம்மையாகத் தீர்க்கப்பட்ட பகுதி இது. மற்ற பகுதிகளுக்கு இந்த அளவு மரியாதை கிடைப்பதில்லை என்பதுதான் என் குறை. துத்தநாகம் பூசிய 0.8 மி.மீ. தகட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சதுர மீட்டருக்கு 50 கிராம் பூச்சு என்றால் பூச்சின் கனம் 7 மைக்ரான். இரு பக்கமும் 14. சுமையைத் தாங்குவதில் பூச்சின் பங்கு அற்பம். ஆனால் பூச்சோடு சேர்த்து அளந்த கனத்தால் வகுத்தால் தகைவு 1.7 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து தெரியும். பூசாவிலிருந்து இறங்கிவந்த விசைத் துல்லியம் முழுவதும் ஒரு மைக்ரோமீட்டர் வாசிப்பில் வீணாகிறது. சோதனைத் துண்டைப் பஞ்ச் கருவியால் வெட்டி எடுத்தால் விளிம்பு இறுகிப் பிசிறாகும், அங்கிருந்து முன்கூட்டியே கிழியும், நீட்சி குறைவாகக் காட்டும்; மில்லிங் செய்து விளிம்பைத் துப்புரவாக்கினால் அதே தகடு இன்னும் நீளும். நீட்சிமானி இல்லாமல் இயந்திரத்தின் குறுக்குச்சட்ட நகர்வையே நீட்சியாக எடுத்துக்கொண்டால், பிடியும் சட்டமும் நெகிழ்வதெல்லாம் தகட்டின் கணக்கில் ஏறிவிடும்.

தில்லிக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது: பருவம். இழுவிசைச் சோதனைக்கான இந்திய விதி ஐஎஸ் 1608. பன்னாட்டு விதியை அப்படியே தழுவியது. அறை வெப்பநிலை என்றால் அதன்படி 10 முதல் 35 பாகை. கட்டுப்படுத்திய நிலை என்றால் 23ஐ ஒட்டி ஐந்து பாகை ஏற்ற இறக்கம். ஜூனில் தகரக்கூரையின்கீழ் 35 என்பது காலை எட்டு மணிக்கே கடந்துபோகும் எண். ஜனவரி விடியலில் 10 என்பது எட்டாத எண். சாதாரணக் கார்த் தகட்டுக்கு இது பெரிய குழப்பம் செய்யாது. எவர்சில்வருக்குச் செய்யும்.

வடமேற்குத் தில்லியின் வசீர்ப்பூர் தொழிற்பேட்டை நெடுங்காலமாக எவர்சில்வரால் வாழும் இடம். அங்கே சூட்டில் உருட்டுவதும், அமிலத்தில் கழுவுவதும், குளிரில் உருட்டி மெலிதாக்குவதும், பாத்திரமாக அழுத்தி மெருகேற்றுவதும் அடுத்தடுத்த கொட்டகைகளில் நடக்கும். கடினமான, ஆபத்தான உழைப்பு. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை எஃகு பாத்திரத் தொழிலில் பரவலாகப் புழங்குகிறது. இவ்வகை எஃகை நீட்டினால் அதன் படிக அமைப்பின் ஒரு பகுதி மார்ட்டன்சைட் என்னும் கடினமான அமைப்பாக மாறுகிறது. அந்த மாற்றமே தகட்டை இறுக்குகிறது. எவ்வளவு மாறும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. குளிர்ந்தால் அதிகம் மாறும், சூடேறினால் குறையும். ஆகவே ஒரே காயிலிலிருந்து ஜனவரியில் வெட்டி இழுத்த துண்டும் மே மாதத்தில் இழுத்த துண்டும் இரு வேறு வளைகோடுகளைத் தரும், இரண்டும் மெய். வேகமாக அழுத்தும்போது தகடே சூடேறி மாற்றத்தைத் தடுக்கும் என்பதால், பிரஸ்ஸில் நடப்பது மூன்றாவது வளைகோடு. கார்பன் எஃகுக்கு எழுதிய எளிய சூத்திரத்தை எவர்சில்வருக்கும் போட்டுவிட்டுக் கணினி சரியான விடை தரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அழுத்தியெடுத்த பாத்திரம் சில மணியோ சில நாளோ கழித்து விளிம்பிலிருந்து தானாக விரிசல் விடும் தொல்லையும் இந்த எஃகுக்கு உண்டு. மார்ட்டன்சைட்டும், உள்ளே தங்கிய தகைவும், நுண்ணளவு ஹைட்ரஜனும் சேர்ந்து செய்யும் வேலை அது. எந்த இழுவிசைச் சான்றிதழும் அதை முன்னறிவிக்காது.

வேகம் கார்த் தகட்டுக்கும் பொருட்படுத்த வேண்டியதே. சோதனை சில நிமிடங்கள் நடக்கும்; பிரஸ் ஒரு நொடிக்குள் முடித்துவிடும். திரிபு வேகம் ஆயிரம் மடங்கு கூடினால் மென்மையான எஃகின் தகைவு ஏறத்தாழ பத்து விழுக்காடு ஏறும். அதைச் சேர்க்காத மெட்டீரியல் கார்டு பிரஸ்ஸின் டன்னேஜைக் குறைத்தே சொல்லும்.

1983 டிசம்பரில் முதல் மாருதி குர்காவ் ஆலையிலிருந்து வெளியே வந்தபோது காரின் உடல் பெரும்பாலும் மென்மையான எஃகு. இன்று நிலைமை வேறு. மோதல் பாதுகாப்பு மதிப்பீடான பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. எடையையும் குறைக்க வேண்டும், வலிமையையும் கூட்ட வேண்டும் என்பதால் 590, 780, 980 மெகாபாஸ்கல் வலிமையுள்ள தகடுகள் தூண்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் வந்துவிட்டன. இவற்றில் முதல் தொல்லை ஸ்பிரிங்பேக். டை திறந்தவுடன் உறுப்பு நிமிரும் அளவு, தகைவை யங் குணகத்தால் வகுத்ததைப் பொறுத்தது. தகைவு 200இலிருந்து 800க்குப் போனால் நிமிர்வும் நான்கு மடங்கை நெருங்கும். யங் குணகம் 205 கிகாபாஸ்கல் என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். ஆனால் சிறிது நீட்டியபின் விசையைத் தளர்த்தி அளந்தால், உயர்வலிமை எஃகில் அது ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கும். 165 என்று வைத்தால் நிமிர்வு 24 விழுக்காடு கூடுகிறது. தூண் பற்றவைக்கும் சட்டத்தில் உட்காராமல் போக அது தாராளமாகப் போதும். அதோடு, ஒரு பக்கம் இழுத்த உலோகம் எதிர்ப்பக்கம் எளிதில் இணங்கிப்போகும் என்று மியூனிக்கின் பவுஷிங்கர் 1880களிலேயே கண்டார். டையின் வளைவில் வளைந்து பிறகு நிமிரும் தகட்டில் அந்தக் குணம் ஒவ்வொரு அழுத்தலிலும் வேலை செய்கிறது. ஒரே திசையில் அறுபடும்வரை இழுக்கும் சோதனைக்கு அது கண்ணில் படாது. நடுவில் சில முறை விசையைத் தளர்த்தி மீண்டும் இழுத்தால் குறைந்த குணகமாவது கிடைக்கும். அதே துண்டு, அதே இயந்திரம், கூடுதலாகச் சில நிமிடங்கள். பவுஷிங்கர் விளைவுக்கு, தகடு மடியாதபடி இருபுறமும் தாங்கிப் பிடித்து இழுத்தும் அழுத்தியும் பார்க்க வேண்டும்; அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

இத்தனையும் ஒரு காயிலுக்கு. அடுத்த காயில் அதே தரத்துக்குள், அதே முத்திரையோடு, வேறு யீல்டும் வேறு ஆர் மதிப்புமாக வரும். இடிடி தகட்டுக்குத் தரவிதி அனுமதிக்கும் இழுவலிமை வரம்பே 270 முதல் 350 மெகாபாஸ்கல் வரை விரிந்து கிடக்கிறது. வரம்பின் நடுவிலுள்ள ஓர் எண்ணை வைத்து ஒருமுறை கணித்துவிட்டு டை வெட்டினால், வரம்பின் ஓரத்திலிருந்து வரும் காயில் உற்பத்தியின் நடுவில் கிழியும். கிழிந்தால் இழப்பு கார் நிறுவனத்தின் வாசலில் நிற்பதில்லை. ஓக்லாவிலோ பரீதாபாத்திலோ உள்ள சிறிய பிரஸ் கடையின் தலையில் இறங்குகிறது. டையைத் தேய்ப்பதும், எண்ணெயை மாற்றுவதும், பிளாங்க் ஹோல்டர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுமாக ட்ரயல் மேல் ட்ரயல் ஓடுகிறது. ஸ்கிராப்பும் அவர்கள் கணக்கில்தான்.

ஆகவே வாங்கும் ஆணையில் சில வரிகள் கூட வேண்டும் என்பது என் வாதம். மூன்று திசைகளில் இழுத்த முழு வளைகோடு எண் வடிவில். அகலத்தைத் தொடர்ந்து அளந்து பெற்ற ஆர் மதிப்பு. பூச்சு நீக்கிய கனம். சோதனையின் வெப்பநிலையும் வேகமும். கடந்த ஓராண்டுக் காயில்களில் இந்த எண்கள் எவ்வளவு சிதறின என்ற பட்டியல். ஆழமான உறுப்புகளுக்கு, தகட்டு வகை ஒன்றுக்கு ஒருமுறையாவது பல்ஜ் சோதனை. பகதூர் ஷா ஜாபர் மார்க்கின் மானக் பவனில் கூடும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரக்குழுக்கள் ஐஎஸ் 513க்கு இத்தகைய தரவுத்தாள் ஒன்றை விருப்பப் பின்னிணைப்பாகச் சேர்த்தாலே ஆலைகள் ஒரே வடிவில் கொடுக்கத் தொடங்கும். இதில் முதல் வரிக்கு வேண்டியதில் ஒரு பகுதி இன்றே கையில் இருக்கிறது. கணினி பொருத்திய யூடிஎம் ஒவ்வொரு சோதனையிலும் ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பதிவு செய்கிறது. அதிலிருந்து மூன்றை எடுத்துச் சான்றிதழில் அச்சிட்ட பிறகு மீதிக் கோப்பு ஆலையிலேயே தங்கிவிடுகிறது. தகட்டோடு சேர்த்து அந்தக் கோப்பையும் அனுப்பச் சொல்லிக் கேட்பதற்கு வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு. கேட்கத் தொடங்க வேண்டியவர்கள், நிறையத் தகடு வாங்கும் கார் நிறுவனங்கள்.